சாமி சொன்ன சின்னம்

“சாமிக்குத் தெரியாதா?”

ஒரு பாட்டி கேட்ட கேள்வி இது. 2024 ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தல் நாள். பள்ளி ஆசிரியன் என்ற முறையில் எனக்கு வாக்குச்சாவடிப் பணி. வருவோரின் இடக்கை ஆட்காட்டி விரலில் மை தீட்டுவது என் வேலை. நண்பகல் வெயிலில், எழுபதைக் கடந்த மூதாட்டி ஒருத்தி, ஊன்றி வந்த கோலை மேசையோரம் சாய்த்துவிட்டு விரலை நீட்டினாள். விரல் நடுங்கிற்று. முதுமையின் நடுக்கம் என்று எண்ணினேன். இல்லை, அச்சத்தின் நடுக்கம்!

“மக்களே, சாமி சொன்ன சின்னத்துலதான் குத்தணும்னு சொல்லியிருக்கு. மாத்திக் குத்திட்டா குத்தமாயிருமோ?”

“உள்ளே யாரும் பார்க்க முடியாது பாட்டி. உங்க மனசுக்குப் பிடிச்சவங்களுக்குப் போடுங்க.”

“மனுசன் பாக்கமாட்டான். சாமிக்குத் தெரியாதா?”

நான் வாயடைத்துப் போனேன். கலைக் கல்லூரியில் மூன்றாண்டு படித்த படிப்பு, மன்றங்களில் பேசிய பேச்சு, ஏடுகளில் எழுதிய எழுத்து எதுவும் அந்த ஒரு கேள்விக்கு உடனே விடை தரவில்லை. பாட்டி மறைவிடத்துக்குள் போனாள். இயந்திரம் ஒலித்தது. அவளும் போய்விட்டாள். கேள்வி மட்டும் போகவில்லை.

எந்தச் சாமி என்று நான் கேட்கவில்லை. கேட்பது முறையன்று, கேட்டிருந்தாலும் பயனில்லை. நம் குமரி மாவட்டத்திலே ‘சாமி’ என்ற சொல்லுக்குப் பொருள் ஒன்றா, இரண்டா? கருவறையில் நிற்கும் கல்லும் சாமி. காவி கட்டிய துறவியும் சாமி. அருள் வந்தாடும் கோமரத்தாடியும் சாமி. கத்தோலிக்க மக்கள் தம் பங்குப் பாதிரியாரை அழைப்பதும் சாமி என்றே! ஆகவே, சொன்னது எந்தச் சாமியாயினும் சொல்லின் விளைவு ஒன்றுதான். நாட்டின் ஆட்சியை முடிவு செய்ய வந்த ஒரு குடிமகள், விரலில் மையோடும் நெஞ்சில் திகிலோடும் நின்றாள்.

தேர்தல் நேர்மை என்றதும் நம்மவர் எதைப் பேசுகிறார்கள்? பணப் பட்டுவாடாவை, கள்ள ஓட்டை, இயந்திரத்தைப் பேசுகிறார்கள். பேச வேண்டியவைதாம். ஆனால் இந்த அச்சத்தைப் பேசுவோர் எத்தனை பேர்? ஓட்டுக்கு ஐந்நூறு கொடுத்தவனிடம் பணத்தை வாங்கிக்கொண்டு, மறைவிடத்தில் மனம்போல் ஓட்டளித்துவிட்டு வர ஏழையால் முடியும். கொடுத்தவனுக்கு அட்டைத் தடுப்பைத் துளைத்துப் பார்க்கும் கண் இல்லை. ஆனால் எங்கும் உள்ளவனாம், எல்லாம் அறிந்தவனாம், தண்டிக்கத் தயங்காதவனாம் ஒருவன் பெயரால் மிரட்டப்பட்டவள் எந்தத் திரைக்குப் பின்னால் ஒளிவாள்? இரகசிய வாக்குரிமையை ஆண்டவன் பெயரால் அழிக்கிறார்களே, இது களவில்லையா? பணம் விரலை வாங்குகிறது, தோழர்களே. பயம் மனத்தையே வாங்கிவிடுகிறது.

இந்தச் சூழ்ச்சி நேற்று முளைத்ததன்று. நான் பிறந்த பத்மநாபபுரம் இதற்குச் சாட்சி. கல்குளம் என்று வழங்கிய ஊர் இது. ஏன் பத்மநாபபுரம் ஆயிற்று? 1750-இல் மார்த்தாண்ட வர்மா, தான் வாளால் வென்ற நாட்டைத் திருவனந்தபுரம் பத்மநாபசாமிக்கு எழுதி வைத்தார். ‘நாடு கடவுளுடையது, நான் அவனுடைய தாசன், அவன் சார்பாக ஆள்கிறேன்’ என்றார். பக்தியின் சிகரம் என்று இன்றும் பரவசப்படுவோர் உண்டு. அரசியல் கண்ணால் பாருங்கள். மன்னனை எதிர்த்தால் அது கலகம். கடவுளின் தாசனை எதிர்த்தால் அது பாவம்! வரி கொடாதவன் அரசனுக்குக் கடன்காரன் அல்லன், ஆண்டவனுக்கே துரோகி! கோட்டைச் சுவரைவிடக் கெட்டியான சுவர் அல்லவா இது?

அந்தச் சுவரின் நிழலில் என்ன நடந்தது? மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் அடிபட்டு, 1859-இல்தான் நாடார் பெண்களுக்கு அந்த உரிமை அரசாணையாகக் கிடைத்தது. கோயில் கதவு தாழ்த்தப்பட்டோருக்குத் திறக்க 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க நேர்ந்தது. கடவுளின் நாட்டில் மனிதருக்குக் கிடைத்த மதிப்பு அவ்வளவே.

1795-இல் தலைநகர் திருவனந்தபுரம் போயிற்று. மரவேலையும் மெருகிட்ட கருந்தரையும் மின்ன அரண்மனை இன்று காட்சிச்சாலையாகி நிற்கிறது. மன்னர் போனார், தாசர் போனார், ஓட்டு வந்தது. நாடு எழுதி வைக்கப்பட்ட ஆண்டவனிடமிருந்து நாட்டை மீட்டு மக்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்த பத்திரமே வாக்குரிமை. அந்தப் பத்திரத்தை மீண்டும் சாமி பெயருக்கு மாற்றி எழுதப் பார்க்கிறார்கள். அதைத்தான் எதிர்க்கிறோம்.

எங்கள் தொகுதியின் கதையையும் ஒளிவின்றிச் சொல்கிறேன். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டுப் பகவதி கோயில் திருவிழாவின்போது இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் கலவரம் மூண்டது. போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. கலவரம் கடற்கரை ஊர்களில் பரவியது. நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. ஒரே கிணற்றில் நீர் மொண்டவர்கள், ஒரே சந்தையில் மீனும் மரச்சீனியும் மாற்றிக் கொண்டவர்கள், ஒருவரையொருவர் மதத்தின் பெயரால் எண்ணத் தொடங்கினர். இரண்டே ஆண்டில், 1984 சட்டமன்றத் தேர்தலில், இந்து முன்னணியின் ஆதரவோடு சுயேச்சையாக நின்ற வி. பாலச்சந்திரன் பத்மநாபபுரத்தில் வென்றார். 1996-இல் இதே தொகுதியில் வென்ற சி. வேலாயுதம், பாரதிய ஜனதா கட்சியிலிருந்து தமிழகச் சட்டமன்றத்துக்குச் சென்ற முதல் உறுப்பினர் ஆனார்.

இதைச் சொன்னதும் நம் தோழர் சிலர் தலை குனிகிறார்கள். சிலர் ‘மக்கள் முட்டாள்கள்’ என்று பல்லைக் கடிக்கிறார்கள். இரண்டும் பிழை. அந்த வெற்றிகள் சட்டப்படி பெற்ற வெற்றிகள். மக்கள் அளித்த ஓட்டு அது. நமக்குப் பிடிக்காத பக்கம் விழுந்த ஓட்டும் ஓட்டுத்தான். அதை மதிக்காதவனுக்கு மக்களாட்சியைப் பேச வாயில்லை. கலவரத்தில் அஞ்சிய மக்களிடம் அறிவோடும் அன்போடும் நாம் சென்றோமா? செல்லவில்லை. நாம் விட்ட வெற்றிடத்தில் அவர்கள் கொடி நட்டார்கள். குறை யாருடையது?

ஒரு மதத்தை நம்பும் குடிமகன் தேர்தலில் நிற்கலாம், ஓட்டளிக்கலாம், தன் கருத்தைச் சொல்லலாம். அது அவனுடைய உரிமை. ஆண்டவன் பெயரால் அடுத்தவனை அச்சுறுத்துவதே குற்றம். இந்தக் கோட்டைச் சட்டமே தெளிவாகக் கிழித்திருக்கிறது.

1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆவது பிரிவைப் படியுங்கள். தெய்வத்தின் சினத்துக்கு ஆளாவாய், சமயத் தண்டனைக்கு உள்ளாவாய் என்று வாக்காளரை நம்பச் செய்வது தகாத செல்வாக்கு, தேர்தல் முறைகேடு. மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பதும் முறைகேடு. முதலில் இவ்வகை வேண்டுகோள் ‘முறையாகத் தொடர்ந்து’ செய்யப்பட்டால்தான் குற்றம் என்றிருந்தது. 1961-இல் திருத்தி, ஒரு முறை கேட்டாலும் குற்றமே என்றாக்கினர்.

ஏட்டுச் சுரைக்காய் என்பீர்களா? 1957 தேர்தலில் பஞ்சாபின் சிர்சா தொகுதியில் நடந்ததைக் கேளுங்கள். நாம்தாரி சீக்கியரின் குரு, ராம் தயாள் என்ற வேட்பாளருக்கே ஓட்டளிக்க வேண்டுமெனத் தம்மைப் பின்பற்றுவோருக்குக் கட்டளையிட்டார். சுவரொட்டி ஒட்டினார்கள், கூட்டம் போட்டுச் சொன்னார்கள். வேட்பாளர் வென்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1959-இல் தீர்ப்பு: தேர்தல் செல்லாது! மதத் தலைவரும் குடிமகனே, இன்னவர் நல்லவர் என்று தம் எண்ணத்தைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆனால் மீறினால் தெய்வக் குற்றம் என்று அடியார் அஞ்சும் வகையில் கட்டளையிட்டால், அங்கே வாக்காளருக்குச் சுதந்திரம் இல்லை என்றது நீதிமன்றம்.

ஐரோப்பாவிலும் இக்கதை உண்டு. 1872-இல் அயர்லாந்தின் கால்வே தொகுதியில் நோலன் என்பவர் பெற்ற வெற்றியை, கத்தோலிக்கப் பாதிரிமார் வாக்காளரை அச்சுறுத்தினர் என்று கூறி நீதிபதி கியோ செல்லாததாக்கினார். பிரிட்டனில் இரகசிய வாக்குச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். நிலக்கிழாரின் கண்ணிலிருந்து திரை காப்பாற்றும். பாதிரியாரின் சாபத்திலிருந்து சட்டமும் அறிவும்தாம் காப்பாற்ற வேண்டும்.

2017 சனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதம், சாதி, மொழி ஆகியவற்றைச் சொல்லி ஓட்டுக் கேட்பதும் குற்றமே என்றது. நால்வர் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம். அந்த மூவரின் கவலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சாதியால் ஒடுக்கப்பட்டவன் தன் ஒடுக்குமுறையைத் தேர்தல் மேடையில் பேசக்கூடாதா என்று அவர்கள் கேட்டார்கள். பேசலாம், பேசத்தான் வேண்டும். ‘என் சாதிக்காரன், எனக்குப் போடு’ என்பது வேறு. ‘சாதி என்னைச் சவுக்கால் அடித்தது, அதை ஒழிக்க வருகிறேன்’ என்பது வேறு. முதலாமவன் நோயை விற்கிறான். இரண்டாமவன் நோயைக் காட்டுகிறான்.

சட்டம் இருக்கிறது. வேகம் இருக்கிறதா? மும்பையின் விலே பார்லே இடைத்தேர்தல் 1987-இல் நடந்தது. சிவசேனையின் ரமேஷ் பிரபு வென்றார். மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்கப்பட்டது என்று வழக்கு. பால் தாக்கரேயின் பேச்சுகள் சான்றாயின. வெற்றி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் இறுதியாகச் சொன்னது 1995 டிசம்பர் 11-இல்! எட்டு ஆண்டு! அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துபோயிருந்தது. தேர்தல் வழக்கை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. பிணம் எரிந்து சாம்பல் ஆற்றில் கரைந்தபின் மருத்துவர் வந்து நாடி பார்ப்பதற்குப் பெயர் நீதியா?

இனிச் சொல்வது நம் வீட்டுச் செய்தி. கசக்கும். ஆயினும் விழுங்கத்தான் வேண்டும்.

கோயில் முற்றத்தில் ஒரு வேட்பாளர் சூலத்தைத் தொட்டுச் சத்தியம் வாங்கினால், ‘மதவெறி! மதவெறி!’ என்று முழங்குகிறோம். சரி. பசனை மடத்தில் ஓட்டுக் கேட்டால் துண்டறிக்கை போடுகிறோம். மிகச் சரி. ஆனால், நாம் ஆதரிக்கும் வேட்பாளர் ஆயர் இல்லத்து வாசலில் சால்வையோடு காத்து நிற்கும்போது, ஜமாஅத் அலுவலகத்தில் ‘உங்கள் ஓட்டு மொத்தமும் எனக்கே’ என்று உறுதி கேட்கும்போது, அதற்கு நாம் சூட்டும் பெயரென்ன? மரியாதை நிமித்தமான சந்திப்பு! அடடா, எத்தனை அழகான பெயர்! எதிரியின் தட்டில் இருந்தால் நஞ்சு, நம் தட்டில் இருந்தால் அமுதா?

‘சிறுபான்மை மக்கள் அஞ்சுகிறார்கள், அவர்கள் ஒன்றுபட்டு ஓட்டளிப்பது தற்காப்பு’ என்று விடை சொல்வோர் உண்டு. அச்சம் உண்மை, மறுக்கமாட்டேன். பெரும்பான்மையின் மதவெறி ஆட்சியையே கைப்பற்றும் வலிவுடையது. சிறுபான்மையின் மதவெறிக்கு அவ்வலிவு இல்லை. இந்த வேறுபாட்டை மறப்பவன் நாட்டு நடப்பை அறியாதவன். ஆனால் தோழர்களே, தற்காப்புக்காக மக்கள் தாமே கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வருவது ஒன்று. பீடத்திலிருந்து ஒருவர் ஆணையிட, மந்தை போல் நகர்வது மற்றொன்று. கடற்கரையில் வலை பின்னும் பெண்ணின் ஓட்டு பங்குத் தந்தையின் சொத்தன்று. வயலில் ஏர் பிடிக்கும் உழவனின் ஓட்டு மடத்தின் சொத்தன்று. இதை ஒரே மூச்சில், ஒரே குரலில் சொல்லும் துணிவு இருந்தால்தான் நாம் பகுத்தறிவாளர். இல்லையேல், ஒரு சாமியை வைத்து மறு சாமியை விரட்டும் பூசாரிகள்!

சரி, எப்படி எதிர்ப்பது? ஒருநாள் மாலை நம் வாலிபர் நால்வர் என் அறைக்கு வந்தார்கள். தக்கலைப் பக்கம் ஒரு சமயச் சொற்பொழிவு. பேச வருபவர் மாற்று மதத்தாரை இழித்துப் பேசுவதில் பேர் பெற்றவர். ஒலிபெருக்கிக் கம்பியை அறுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் திட்டம். கூடாது என்றேன்.

“நம் கூட்டத்தில் அவர்கள் கல்லெறியலாமா, அண்ணே?” என்றான் ஒருவன்.

“எறிந்தது தவறென்றால் நீயும் ஏன் எறிய வேண்டும்?” என்றேன்.

அவர்கள் முகம் சுளித்தார்கள். அந்த நால்வருக்காகவும், அவர்களைப் போன்ற நாலாயிரவருக்காகவும் இதை எழுதுகிறேன். கம்பியை அறுத்தால் அன்றிரவு அந்தப் பேச்சாளர் தியாகி. மறுநாள் அவருடைய கூட்டம் இரட்டிப்பு. கைதான நம் வாலிபனின் தாய், பிணை கேட்டு நீதிமன்ற வாசலில். இதனால் பகுத்தறிவு ஒரு முழமேனும் வளர்ந்ததா?

வைக்கத்தை நினையுங்கள். 1924-இல் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம். தலைவர்கள் சிறைப்பட்டபின் பெரியார் சென்றார், இருமுறை சிறைப்பட்டார். நம் மாவட்டத்துச் சுசீந்திரத்திலும் 1926-இல் அதே உரிமைக்குச் சத்தியாகிரகம், டாக்டர் எம். இ. நாயுடு தலைமையில். அப்போராட்டக்காரர்கள் தடையை மீறினார்கள், மறைந்து நின்று மீறவில்லை. தண்டனையைத் தாமே ஏற்றார்கள், பிறர் தலையில் கட்டவில்லை. அடித்தவர் வெட்கினர், அடிபட்டவர் வென்றனர்.

1953 மே 27-இல் பெரியார் பிள்ளையார் உருவத்தை உடைத்தார். எந்தக் கோயிலில் நுழைந்தார்? எந்தக் கோயிலிலும் இல்லை. தாம் வாங்கிய மண் பொம்மையை, நாள் குறித்து, ஊரறியச் சொல்லி உடைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1958-இல் அந்நீதிமன்றம், வழக்கை மறுபடி நடத்த ஆணையிடவில்லை. ஆனால் பிறர் புனிதமாகக் கருதுவதை மதிக்க வேண்டும் என்று அழுத்தமாக எச்சரித்தது. நமக்கு உவப்பில்லை என்பதற்காக அந்த எச்சரிக்கையை மறைக்க வேண்டியதில்லை.

1971 சனவரியில் சேலத்து மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் இராமன் படம் செருப்படி பட்டது. மார்ச்சுத் தேர்தலில் எதிரணியினர் அதையே சுவரொட்டியாக்கி ஓட்டுக் கேட்டார்கள். நாடு என்ன சொல்லிற்று? 234 இடங்களில் 184 இடங்களைத் தி.மு.க.வுக்கு அளித்தது. இராமனைக் கும்பிட்ட கைகள்தாம் அந்த ஓட்டையும் போட்டன! கோயில் வேறு, கோட்டை வேறு என்று பிரித்தறியும் ஆற்றல் நம் மக்களுக்கு உண்டு என்பதற்கு இது சான்று. செருப்பு வென்றது என்று மார்தட்டுவோர் பாடத்தைத் தலைகீழாகப் படித்தவர்கள். செருப்பையும் மீறி மக்களின் தெளிவு வென்றது. அந்த ஊர்வலத்துக்குக் கறுப்புக் கொடி காட்ட வந்தவர்களுக்கு அதற்கான உரிமை இருந்தது என்பதையும் ஒப்புங்கள். கறுப்புக் கொடி நம் ஒருவருக்கே எழுதி வைத்த சொத்தா என்ன?

ஆகவே, வாலிபத் தோழர்களே, வழி இதுதான்.

வழிபாட்டிடத்தில் தேர்தல் பிரச்சாரம் கூடாது என்பது தேர்தல் நடத்தை விதி. வழிபாட்டிடத்தை அரசியல் பணிக்கு விடும் நிர்வாகிக்கு ஐந்தாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க 1988-இல் ஒரு சட்டமே வந்திருக்கிறது. இதை எத்தனை பேர் அறிவோம்? படியுங்கள், படித்துப் பிறருக்குச் சொல்லுங்கள். மீறல் கண்டால் படமும் பதிவும் எடுத்துத் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் அனுப்புங்கள். நூறு நிமிடத்தில் நடவடிக்கை என்பது ஆணையம் தந்த வாக்கு. கோயிலில் நடந்தாலும் அனுப்புங்கள், தேவாலயத்தில் நடந்தாலும் அனுப்புங்கள், பள்ளிவாசலில் நடந்தாலும் அனுப்புங்கள். நம் கூட்டணி வேட்பாளருக்காக நடந்தால், முதலில் அனுப்புங்கள்!

வென்றவர் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனுப் போடலாம். வேட்பாளர்தான் போட வேண்டும் என்பதில்லை, அத்தொகுதியின் எந்த வாக்காளரும் போடலாம். நாம் பேசித் தீர்த்த பேச்சில் ஒரு பங்கு சான்று சேர்ப்பதில் செலவிட்டிருந்தால், இந்நேரம் எத்தனை ‘சாமி’கள் கூண்டில் நின்றிருப்பார்கள்!

வெறுப்பைப் பரப்பும் கூட்டம் எந்த மதத்தின் பெயரால் வந்தாலும் அறிவித்து, அனுமதி பெற்று, ஆயுதமின்றிக் கறுப்புக் கொடி பிடியுங்கள். அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு தரும் உரிமை அது. வழிபடும் வேளையில் வழிபாட்டிட வாசலை மறிக்காதீர்கள். எவருடைய வீட்டு வாசலிலும் நின்று கூச்சலிடாதீர்கள். நடத்தை விதியும் அதைத் தடுக்கிறது, நாகரிகமும் தடுக்கிறது. பேச்சாளரைத் தாக்குங்கள், சொல்லால். அவரை நம்பி வந்த ஏழையைத் தாக்காதீர்கள், சொல்லாலும்! அந்தப் பாட்டி நம் எதிரியல்லள். அவளுக்காகத்தான் இத்தனை வழக்கும்.

இறுதியாக, சட்டம் தொடாத இடம் ஒன்று இருக்கிறது. நெஞ்சின் நடுக்கத்தை எந்த நீதிமன்றமும் ரத்துச் செய்ய முடியாது. அதற்கு வேண்டியது கல்வி. கோடை விடுமுறையில் தெருத் திண்ணையில் உட்காருங்கள். ‘ஓட்டு என்றால் என்ன, அது எப்படி இரகசியம்’ என்று பொறுமையாகச் சொல்லுங்கள். கடவுள் இல்லை என்பதை அன்றே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். ஓட்டு உன்னுடையது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளட்டும். மற்றவை தாமே வரும்.

அன்று பாட்டிக்கு விடை சொல்லத் தெரியாமல் நின்றேன். இன்று தெரிகிறது. ‘சாமிக்குத் தெரியாதா?’ என்று ஒருத்தி கேட்கும்போது, ‘சாமியே இல்லை’ என்று சாவடியில் வாதாட எனக்கு உரிமையில்லை, நேரமுமில்லை. ஆனால் அடுத்த தேர்தலுக்கு முன் அவள் வீட்டுத் திண்ணைக்குப் போக எனக்குக் கால் இருக்கிறது, நாள் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கிறது.

“சாமிக்குத் தெரிஞ்சாத் தெரிஞ்சிட்டுப் போகட்டும் மக்களே, ஓட்டு எனக்கதுல்லா!” என்று அவள் சிரித்துக்கொண்டே விரலை நீட்டட்டும். அந்த விரல் நடுங்காத நாளே, கல்குளம் தாலுகாவில் ஆண்டவனின் தாசர் ஆட்சி மெய்யாகவே முடிந்த நாள்!